ஆட்டமும் அப்பியாசமும்

தேகாப்பியாசத்தின் பெருமையைப் பற்றி எழுதாத பத்திரிகை தமிழ் நாட்டில் இல்லை. அதைப் படித்துவிட்டு, "வாஸ்தவந்தான்!" என்று தலையை அசைக்காத வாசகரும் இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தத் தலையசைப்பே அன்றைய அப்பியாசமாக முடிந்து போய்விடுகிறது!

தூத்துக்குடி முத்துநகர்க் கடற்கரையில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இது நன்றாக விளங்கும். தை பிறந்ததும் புதிய பாதரட்சைகளோடு நடை பழக வருகிறவர்களின் கூட்டம் நிரம்பி வழிகிறது. மாசி பிறக்கும்போது பாதிப் பேரைக் காணோம். பங்குனி வெயில் வந்ததும் பழைய ஆசாமிகள் சிலரும் கடற்காக்கைகளுமே மிச்சம். விட்டுப் போனவர்களைக் கேட்டால், "நேரமில்லை" என்பார்கள். உண்மைக் காரணம் நேரமன்று; சலிப்பு. மருந்தைப் போல் விழுங்கப்படுகிற எதையும் மனிதன் நெடுநாள் விழுங்க மாட்டான்.

அதே வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். எங்கேயோ பாட்டுச் சப்தம் கேட்டால் போதும்; அதன் கால் தானாகவே எழும்புகிறது. அரைமணி நேரம் குதித்து வியர்த்து விறுவிறுத்தாலும், "அப்பியாசம் செய்தேன்" என்று அது சொல்லிக் கொள்வதில்லை. குழந்தைக்குத் தெரிந்த இந்த ரகசியத்தைப் பெரியவர்கள் எங்கே தொலைத்தார்கள்? ஒழுங்கான தேகப் பயிற்சியையும் பொழுதுபோக்கான ஆட்டத்தையும் ஒன்று சேர்த்தால் என்ன? இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் விஷயம் இதுதான்.

பயமுறுத்தும் கணக்கு

விஷயம் வேடிக்கையானதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் தேசம் முழுவதும் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2023-ம் வருஷத்தில் வெளியாயிற்று. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று அதில் கண்டது. இதே ஆராய்ச்சியின் முதற் பகுதி, தமிழ்நாட்டையும் வேறு சில பிரதேசங்களையும் சேர்ந்த பதினாலாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களை விசாரித்து, 2014-ல் வேறொரு செய்தியைச் சொல்லிற்று. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பொழுதுபோக்காகவோ உடலை அசைப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை!

இந்தக் கடைசி வாக்கியத்தை நேயர்கள் இன்னொரு தடவை படிக்க வேண்டும். நம்மவர்களுக்கு உடலுழைப்புத் தெரியும். உடலால் சந்தோஷப்படத்தான் மறந்துவிட்டது.

உழைப்பு வேறு, அப்பியாசம் வேறு

தூத்துக்குடிக் கரையில் உழைப்புக்குக் குறைவு என்றைக்கும் இருந்ததில்லை. முத்துக் குளித்த நாட்களில், கல்லொன்றைக் கால் மாட்டாகக் கொண்டு, மூச்சை அடக்கி, பல பாக ஆழத்துக்கு இறங்கிச் சிப்பி வாரி வந்தவர்கள் இக்கரையின் மக்கள். மேலே தோணியில் கயிறு பிடித்து நிற்பவனுடைய கையையே நம்பி அவர்களுடைய உயிர் இருந்தது. 1955 முதல் 1961 வரையில் நடந்த முத்துக் குளிப்புக்குப் பின் மன்னார் வளைகுடாவில் பெரிய குளிப்பு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிப்பவர்களும், வலை இழுப்பவர்களும், உச்சி வெயிலில் உப்பளத்தில் வரட்டுப் பலகை இழுக்கும் ஆண்களும் பெண்களும் இன்றும் இருக்கிறார்கள்.

இவர்களிடம் போய், "தினமும் அரைமணி நேரம் அப்பியாசம் செய்யுங்கள்" என்று உபதேசிப்பது பரிகாசமாகும். அவர்களுக்கு வேண்டியவை நிழலும், நல்ல தண்ணீரும், ஓய்வும், நியாயமான கூலியும். உழைப்பானது ஒரே தசையை ஒரே விதமாக நாள் முழுவதும் தேய்க்கிறது. அப்பியாசமோ உடல் முழுவதையும் அளவறிந்து வளர்க்கிறது. ஆகவே நம்முடைய பேச்சு, துறைமுக அலுவலகத்திலும் பாங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் நாற்காலியில் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் நம்மைப் போன்றவர்களைப் பற்றியதுதான். அடுப்பங்கரையில் நாள் முழுவதும் நின்றும், உடலுக்கு ஒழுங்கான பயிற்சி கிட்டாத நம் வீட்டுப் பெண்மணிகளைப் பற்றியதுந்தான்.

கோடங்கிப்பட்டியின் பாடம்

ஆட்டத்தையும் அப்பியாசத்தையும் சேர்ப்பது புதிய யோசனையன்று. தூத்துக்குடி ஜில்லாவிலேயே ஜமீன் கோடங்கிப்பட்டி என்னும் கிராமம் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் பிறந்த ராஜகம்பள நாயக்கர் சமூகத்தார் பரம்பரையாக ஆடிவரும் தேவராட்டத்துக்கு அந்த ஊர் பெயர் பெற்றது.

தேவராட்டத்தில் பாட்டு இல்லை. தேவதுந்துபியின் முழக்கமே பாட்டு. தலையில் பாகை, காலில் சலங்கை, இரு கைகளிலும் கைக்குட்டை. ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று முதலில் மெல்ல அடியெடுத்து வைக்கிறார்கள். துந்துபியின் வேகம் ஏற ஏற அடியும் விரைகிறது. குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, எழும்பி, மறுபடியும் வரிசைக்கு வந்து நிற்பதற்குள் பார்ப்பவர்களுக்கே மூச்சு வாங்குகிறது. ஆடுகிறவர்களோ அடுத்த அடவுக்குத் தயாராகிவிடுகிறார்கள்!

இதில் என்ன இருக்கிறது என்று ஒரு தேகப்பயிற்சி ஆசிரியரைக் கேட்டால் சொல்லுவார்: மெதுவாகத் தொடங்கி உடலைச் சூடாக்குதல், படிப்படியாக வேகத்தை ஏற்றுதல், துடையும் முதுகும் வேலை செய்யும்படி குனிந்து நிமிர்தல், சமநிலை தவறாமல் சுழலுதல், பலபேர் ஒரே தாளத்துக்குக் கட்டுப்படுதல். உயர்ந்த கட்டணம் வாங்கும் உடற்பயிற்சி நிலையங்களில் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே கற்பிப்பதும் இவற்றைத்தான். வித்தியாசம் ஒன்று உண்டு. கிராமத்தில் கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் ஆட்டம் தானே வந்துவிடுகிறது. ஆட வேண்டும் என்று யாரும் சங்கற்பம் செய்து கொள்ள வேண்டியதில்லை.

பத்து நாள் ஆட்டம்

இதற்கு மறுபுறமும் உண்டு. இதே கடற்கரையில் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவைக் கண்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். நாள் கணக்காக விரதமிருந்து, காளியாகவும் அனுமாராகவும் குறவன் குறத்தியாகவும் வேஷம் தரித்து, தசராக் குழுக்கள் ஊர் ஊராக ஆடிச் செல்கின்றன. குமாஸ்தாவும் கடைக்காரரும் கல்லூரி மாணவரும் அங்கே ஒன்று. பெரிய கிரீடத்தைத் தலையில் சுமந்து, வெறுங்காலோடு, மேள முழக்கத்துக்கு மணிக்கணக்கில் ஆடுகிறார்கள். சூரசம்ஹாரத்தன்று கடற்கரை மனிதக் கடலாகவே மாறிவிடுகிறது.

பக்தியின் வேகத்தைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. உடலின் நியாயத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். வருஷத்தில் பத்து நாள் சூறாவளிபோல் ஆடிவிட்டு, மற்ற முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் நாற்காலியில் சாய்ந்திருந்தால், இருதயமும் முழங்காலும் அதை மன்னிப்பதில்லை. பயிற்சியில்லாத உடலில் திடீரென்று சுமத்தப்படும் கடும் உழைப்பு ஆபத்தானது. நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு இன்னும் ஆபத்தானது. குலசைக்கு மாலை போட்டுக் கொள்கிற அன்பர்கள், விரதத்தோடுகூட தினந்தோறும் நடையையும் லேசான ஆட்டத்தையும் சில வாரம் முன்பே தொடங்கினால், அம்மனுக்கும் குறைவில்லை, உடம்புக்கும் கேடில்லை.

அரங்கேற்றத்தோடு நின்ற கால்கள்

நடுத்தரக் குடும்பங்களில் நாட்டியம் இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. தொண்ணூறு வருஷத்துக்கு முன் நிலைமை வேறு. குலமகளிர் சலங்கை கட்டுவதா என்று ஊரே முகம் சுளித்தது. தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்த குடும்பங்களுக்குக் கிடைத்தது பழிச்சொல். ஸ்ரீ இ. கிருஷ்ணய்யர் தாமே வேஷம் கட்டி ஆடிக் காட்டி அதற்காக வாதாடினார். ஸ்ரீமதி ருக்மிணி தேவி 1935-ல் அடையாற்றில் மேடையேறி, அடுத்த வருஷம் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். இன்று தெருவுக்கு ஒரு நாட்டியப் பள்ளி இருக்கிறது.

தேக அப்பியாசம் என்ற கண்ணோடு பார்த்தாலும் பரதநாட்டியம் அற்புதமானது. அரைமண்டியில் நின்று தட்டடவு தட்டுவது, துடைக்கும் இடுப்புக்கும் எத்தகைய வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரே அடவை முதற் காலத்திலும், அதற்கு இரட்டித்து இரண்டாங் காலத்திலும், மறுபடி இரட்டித்து மூன்றாங் காலத்திலும் ஆடுகிறார்களே, அது நாடித் துடிப்பைப் படிப்படியாக ஏற்றுகிறது. வேகமும் நிதானமும் மாறி மாறி வரச் செய்யும் பயிற்சியே மிகவும் பயன் தரும் என்று மேல்நாட்டு நிபுணர்கள் இந்நாளில் பாராட்டுகிறார்கள். நட்டுவனாரின் தட்டுக்கழி இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது!

ஆனால் நடப்பதென்ன? ஏழு வயதில் சேர்ந்த பெண், பதினைந்து பதினாறு வயதில் அரங்கேற்றம் செய்கிறாள். பட்டுப்புடவை, பக்கமேளம், மண்டபம், விருந்து எல்லாம் கல்யாணச் செலவுக்குச் சமமாக ஆகிறது. மறுநாள் சலங்கை பெட்டிக்குள் போகிறது. பிறகு பரீட்சை, பிறகு உத்தியோகம், பிறகு விவாகம். முப்பத்தைந்து வயதில் முழங்கால் வலிக்கிறது என்று வைத்தியரிடம் போகிற அந்தப் பெண்ணிடம், "நீங்கள் ஏதாவது அப்பியாசம் செய்வதுண்டா?" என்று கேட்டால், "சின்ன வயதில் நாட்டியம் ஆடினேன்" என்கிறாள். பெட்டிக்குள் இருக்கும் சலங்கையை எண்ணி அவள் குரல் தழுதழுக்கிறது.

இது யாருடைய குற்றம்? நாட்டியத்தை மேடைக்கென்றே கற்பித்து, வாழ்க்கைக்கென்று கற்பிக்காத நம் அனைவருடைய குற்றந்தான். அரங்கேற்றம் முடிவல்ல, பொழுதுபோக்குக்கு அரங்கம் வேண்டியதே இல்லை. கூடத்தில் பாயைச் சுருட்டி வைத்தால் கிடைக்கிற இடம் போதும். மாமியார் இருக்கிற வீட்டில் மருமகள் ஆடலாமா என்று தயங்குகிறவர்களுக்கு நாம் சொல்லுவோம்: மாமியாரையும் சேர்த்துக் கொள்ளுங்கள்! கும்மியும் கோலாட்டமும் அந்த அம்மாளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

வங்காளம் காட்டிய வழி

ஆட்டத்தையும் உடற்பயிற்சியையும் தேசத் தொண்டோடு இணைத்துப் பார்த்த பெரியவர் ஒருவர் வங்காளத்தில் இருந்தார். அவர் பெயர் குருசதய் தத்தர். ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராக இருந்தும், பீர்பூம் ஜில்லாவில் அழிந்து கொண்டிருந்த ராய்பேஞ்சே என்னும் வீர நடனத்தைத் தேடிப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். 1932-ல் 'விரதசாரி' இயக்கத்தைத் தொடங்கினார். அறிவு, உழைப்பு, சத்தியம், ஒற்றுமை, ஆனந்தம் என்னும் ஐந்து விரதங்களை அதில் சேர்ந்தவர்கள் ஏற்றுக் கொண்டார்கள். பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் உத்தியோகஸ்தர்களும் கிராமிய நடனம் ஆடினார்கள். அதே கையோடு மண்வெட்டி பிடித்துக் குளம் தூர் வாரினார்கள்.

ஐந்தாவது விரதத்தைக் கவனித்தீர்களா? ஆனந்தத்தையும் ஒரு கடமையாக வைத்தார் அவர். 1941-ல் தத்தர் காலமானார். தேகம் தளர்ந்த ஜாதி சுதந்திரத்தைத் தாங்காது என்று அந்நாளில் தேசபக்தர்கள் கவலைப்பட்டார்கள். 1906-ல் தூத்துக்குடியிலிருந்து சுதேசிக் கப்பல் விட முனைந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறையில் செக்கிழுத்தும் மனம் தளராமல் இருந்தாரென்றால், உடலின் உறுதியும் அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டுமல்லவா? சுதந்திரம் வந்துவிட்டது. உடலைக் காக்கும் கடமை மட்டும் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகவே இருக்கிறது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

சென்னையிலுள்ள மதராஸ் சர்க்கரை வியாதி ஆராய்ச்சி நிறுவனத்தார், வளர்கிற பருவத்துப் பெண்களுக்கென்று ஒரு நடனப் பயிற்சியை அமைத்திருக்கிறார்கள். வேகமான ஆட்டமும் மெதுவான ஆட்டமும் மாறி மாறி வரும்படி பத்து நிமிஷ அளவில் அமைந்த அப்பயிற்சிக்கு 'தாண்டவ்' என்று பெயர். வயது வந்ததும் ஓடியாடும் வாய்ப்பைப் பெண்குழந்தைகள் இழந்துவிடுகிறார்கள். விளையாட்டு மைதானம் பையன்களுக்குப் போய்விடுகிறது. ஆட்டமோ வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் நடக்கக் கூடியது. தில்லைக் கூத்தனின் பெயரைச் சர்க்கரை வியாதிக்கு மருந்தாக்கியது பொருத்தமே.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 முதியவர்களைப் பல வருஷங்கள் கவனித்து, 2003-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உடலசைவுப் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுக்கு மட்டுமே, ஞாபக மறதி நோய் குறைந்திருப்பதோடு சம்பந்தம் காணப்பட்டது. உடனே, நடனம் மறதிக்கு மருந்து என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மறதி தொடங்குகிறவர்கள் முதலில் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் தாளத்தைக் கேட்டு, அடுத்த அடியை நினைவில் வைத்து, பக்கத்திலிருப்பவரோடு இசைந்து ஆடுவதில் மூளைக்கும் வேலை இருக்கிறது என்பதை யார் மறுக்க முடியும்?

ஆட்டம் மட்டும் போதுமா?

போதாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. காலுக்கும் சமநிலைக்கும் நல்லது. ஆனால் தோளுக்கும் மார்புக்கும் கைக்கும் போதிய பளுவை அது தருவதில்லை. அங்கே நம் பாட்டனார் காலத்துத் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் துணைக்கு வரவேண்டும். கேரளத்தில் கதகளி பயிலும் பிள்ளைகள் முத்திரை பிடிப்பதற்கு முன் மழைக்காலத்து விடியற்காலைகளில் எண்ணெய் தேய்த்துக் கொண்டு கடுமையான மெய்ப்பயிற்சி செய்கிறார்கள். முதலில் உடல், அப்புறம் கலை. பயிற்சியில்லாத உடலோடு ஆடுகிறவர்களுக்குக் கணுக்காலிலும் முழங்காலிலும் வலி வருகிறது. பிறகு ஆட்டத்தின்மேல் பழி விழுகிறது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வகுத்த அளவு இது: வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரையில் நடுத்தர வேகமுள்ள உடலசைவு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, சமநிலையை வளர்க்கும் பயிற்சியும் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள். குழந்தைகளுக்குத் தினமும் சராசரி ஒரு மணி நேரம். இதைக் குடும்பத்துக்கு ஏற்றபடி நாம் இப்படிப் பிரிக்கலாம்:

திங்கள், புதன், வெள்ளி: மாலையில் அரைமணி நேரம் ஆட்டம். முதல் ஐந்து நிமிஷம் மெதுவாக; நடுவில் வேகமாக; கடைசி ஐந்து நிமிஷம் மறுபடி மெதுவாக.

செவ்வாய், வியாழன்: இருபது நிமிஷம் பஸ்கி, சுவரிலோ தரையிலோ கை ஊன்றித் தண்டால், மாடிப்படி ஏறுதல்.

சனி: அரைமணி நேரத்துக்குக் குறையாமல் விரைவான நடை.

ஞாயிறு: குடும்பத்தோடு கோலாட்டமோ கும்மியோ, அரைமணி நேரம். அதற்கு மேல் ஓய்வு.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். ஆடும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். பேசவே முடியவில்லையென்றால் குறைத்துக் கொள்ளுங்கள். சிமிட்டித் தரையில் குதிப்பதைவிட மரப்பலகையிலோ மண் தரையிலோ ஆடுவது மூட்டுக்கு நல்லது. சாப்பிட்ட உடனே ஆடக் கூடாது. மார்பில் வலி, தலைச்சுற்றல் வந்தால் அந்த நிமிஷமே நிறுத்தி வைத்தியரைப் பார்க்க வேண்டும். இருதய நோயோ, இரத்த அழுத்தமோ, சர்க்கரை வியாதியோ உள்ளவர்கள் தொடங்குமுன்பே வைத்தியரைக் கேட்டுக் கொள்வது உத்தமம்.

எந்த ஆட்டம்?

"பரதநாட்டியமா, தேவராட்டமா, அல்லது 'ஜும்பா' என்கிறார்களே, அதுவா?" என்று சிலர் கேட்கலாம். கடைசியில் சொன்னது கொலம்பியா தேசத்தில் பிறந்தது. அது பிறந்த நகரத்தின் பெயர் காலி! குலசைக் காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், ஆட்டத்தின் மோகம் உலகமெங்கும் ஒன்றே என்பதற்கு அது நல்ல அடையாளம். பிடித்ததை ஆடுங்கள் என்பதே நமது பதில். நாளைக்கும் ஆடத் தூண்டுகிற ஆட்டமே நல்ல ஆட்டம். ஆயினும் ஒன்று: நம் வாசலிலேயே ஒயிலாட்டமும் தேவராட்டமும் சிலம்பமும் இருக்க, அவற்றின் பெயரைக்கூட நம் குழந்தைகள் அறியாமலிருப்பது நியாயமில்லை. பள்ளிக்கூடத் தேகப்பயிற்சி வகுப்பில் வாரம் ஒரு நாள் கிராமத்து ஆசானை வரவழைத்துத் தேவராட்டம் கற்பித்தால், பிள்ளைகளுக்கு உடற்கட்டு, ஆசானுக்கு மரியாதையும் ஊதியமும், கலைக்கு ஆயுசு.

ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆடுவது பெண்களுக்குரியது என்ற எண்ணத்தோடு ஓரத்தில் நிற்காதீர்கள். கோடங்கிப்பட்டியில் ஆடுகிறவர்கள் மீசை முறுக்கிய ஆண்பிள்ளைகள்தான்.

இந்தப் பத்திரிகையை மடித்து வைத்தவுடன், வீட்டிலுள்ள குழந்தையைக் கூப்பிட்டு அதற்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அது ஆடுகிறபடியே ஆடுங்கள். முதல் நாள் அது சிரிக்கும். இரண்டாம் நாள் கற்றுக் கொடுக்கும். மூன்றாம் நாள் நீங்கள் சோம்பி உட்கார்ந்தால் கையைப் பிடித்து இழுக்கும். சம்பளமில்லாமல் இத்தனை கண்டிப்பான ஆசிரியர் வேறு எங்கே கிடைப்பார்?